ரயில் வராத ஊரில் ஒரு வான்

1969 ஆம் ஆண்டில் மெல்பேர்ண் நகருக்கென ஒரு போக்குவரத்துத் திட்டம் வெளியிடப்பட்டது. பெரும்பாலும் அதிவேக வீதிகளைப் பற்றிய திட்டந்தான். ஆனாலும் அதன் வரைபடத்தில் புதிய ரயில் பாதைகள் சிலவும் கோடுகளாக இருந்தன. அவற்றில் ஒன்று ஹண்டிங்டேல் நிலையத்தில் பிரிந்து, மொனாஷ் பல்கலைக்கழகத்தைத் தொட்டுக்கொண்டு, ரோவில் என்ற இடத்தினூடாக ஃபேர்ன்ரீ கலி வரை போகவிருந்தது. நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 27 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ரோவில் அப்போது பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீடுகள் வந்தன. ஸ்ரட் வீதியில் கடைத்தொகுதி வந்தது. இரட்டைக் கராஜ்களும் அவற்றின் முன்னே வெட்டிவிட்ட புல்லும் வந்தன. ரயில் மட்டும் வரவில்லை.

வராததற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 இல் நொக்ஸ் மாநகரசபை இந்தப் பாதையைப் பற்றி ஓர் ஆய்வைச் செய்வித்தது. 2012 இல் மாநில அரசின் ஆய்வு தன் முதற்கட்ட அறிக்கையைத் தந்தது: பாதை போடலாம், ஆனால் அதற்குமுன் டண்டினோங் பாதையின் நெரிசலைத் தீர்க்கவேண்டும் என்று. 2018 இல் ரயிலை விட்டுவிட்டு ட்ராம் பற்றிப் பேசினார்கள். இப்போது கட்டப்பட்டுவரும் புறநகர்ச் சுற்றுவட்ட ரயில் மொனாஷுக்கு வரும், ரோவிலுக்கு வராது. இத்தனைக்கும் நடுவில் உண்மையாக வந்து சேர்ந்தது 2006 ஒக்ரோபரில் தொடங்கிய 900 ஆம் இலக்க பஸ் ஒன்றுதான். கோல்ஃபீல்டிலிருந்து மொனாஷ் வழியாக வெலிங்ரன் வீதியால் ஓடிவந்து ஸ்ரட் பார்க்கில் நிற்கும். நல்ல சேவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கோட்டுக்குப் பதிலாக ஒரு பஸ்.

இந்த ஊரிலும் இதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் குடியேறிய எங்கள் ஆட்களிற் பலர் ஒரு கட்டத்தில் வான் வாங்கினார்கள். சிலர் ரொயோட்டா ரராகோ, சிலர் நிசான் நோமாட், சிலர் மிற்சுபிஷி, வசதி குறைந்தவர்கள் யாரோ தச்சரோ மின்வேலைகாரரோ ஓட்டிக் களைத்த ஹயஸ். அவுஸ்திரேலிய அயலவர்களுக்கு இது விளங்கவில்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எட்டு சீற் வாகனம் எதற்கு என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு பிள்ளைகள், தாய், தகப்பன், அம்மம்மா, அப்பப்பா, அதன்மேல் கொழும்பிலிருந்து படிக்க வந்து நின்ற மருமகன் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கணக்கிற்குள் சட்டமும் இருக்கிறது. வாகனத்தில் இருப்பவர்கள் இருக்கைப் பட்டி அணியவேண்டும் என்பதை உலகிலேயே முதன்முதலாகக் கட்டாயமாக்கியது விக்ரோரியா மாநிலம், 1970 டிசம்பரில். யாழ்ப்பாணத்தில் ஒரு மொறிஸ் மைனருக்குள் எட்டுப் பேர் கல்யாணவீட்டுக்குப் போகலாம். மடியில் பிள்ளை, பிள்ளையின் மடியில் பலகாரப் பெட்டி. இங்கே பட்டி எத்தனையோ ஆள் அத்தனை. ஐந்து பட்டியுள்ள காரில் ஆறாவது ஆள் வீட்டில் நிற்கவேண்டும். வீட்டில் நிற்பது எப்போதும் கிழவியாகத்தான் இருந்தது. "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்குக் கால் உளையுது" என்று கிழவி சொல்லும். கால் உளைவு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேல் எல்லை ஒன்றும் உண்டு. சாதாரண கார் லைசென்ஸில் சாரதியோடு சேர்த்துப் பன்னிரண்டு சீற் வரை ஓட்டலாம், பதின்மூன்றாவது சீற்றுக்கு வேறு லைசென்ஸ் வேண்டும். ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளிக்குள்தான் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் சரியாக அடங்கியது.

ரயில் இல்லாத இடத்தில் வான் என்ன செய்யும் என்பதை நாம் ரோவிலுக்கு வந்து படிக்கவில்லை. ஊரில் படித்ததுதான். வடபகுதிக்கான ரயில் பாதை 1905 இல் கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அரசாங்க உத்தியோகம் என்ற பொருளாதாரமே அந்தப் பாதையின்மேல் நின்றது என்றால் மிகையில்லை. கொழும்பில் கந்தோர், ஊரில் குடும்பம், மாதமொருமுறை ரயில். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கிராமத்துக்கும் போவதற்கு ரயில் உதவாது. அங்கே ஓடியது தட்டிவான்.

தட்டிவானைக் காணாத தலைமுறை ஒன்று இப்போது எங்கள் வீடுகளில் வளர்ந்து நிற்பதால் சற்று விபரமாகவே சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த லொறியின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தால் உடம்பு கட்டினார்கள். பக்கங்கள் திறந்தபடி இருக்கும், மழைக்குப் படங்கு இறக்குவார்கள். உள்ளே பலகை வாங்குகள். பின்னாலே சங்கிலியில் தொங்கும் ஒரு பெரிய பலகை, அதுதான் தட்டி. அதைக் கிடையாக இறக்கிவிட்டால் வாழைக்குலை, கடகம், மீன்கூடை, சைக்கிள், சில வேளைகளில் ஆட்டுக்குட்டியும் ஏறும். இடம் போதாமற்போனால் ஆட்களும் அந்தத் தட்டியிலேயே நின்றார்கள். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான்கள் பேர்போனவை. 1958 சனவரியில் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தபிறகும் தட்டிவான் சாகவில்லை. சிவப்பு பஸ்ஸில் கடகம் ஏற்ற விடமாட்டார்கள், அவ்வளவுதான் காரணம். ஆளையும் பொருளையும் பிரிக்காமல் ஏற்றியது தட்டிவான். கிழவியும் கடகமும் ஒன்றாகவே போயின.

1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி வந்தது. ஜப்பானிலிருந்து றீகண்டிஷன் வான்கள் கப்பலில் வந்து இறங்கின. ரொயோட்டா கொம்பனி ஹயஸை முதலில் வெளியிட்டது 1967 இல். பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அது எங்கள் ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் எந்தக் கொம்பனியின் வானையும் ஹயஸ் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தென்னிலங்கையிலும் வடக்கிலும் அதன் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்தார்கள். வழுவழுப்பாக வந்தது 'டொல்பின்'. ஜேர்மனிக்கும் சுவிசுக்கும் போன அண்ணன்மாரின் முதற் காசு கடனை அடைத்தது, இரண்டாவது காசு தங்கையின் சீதனமானது, மூன்றாவது காசில் சிலர் தம்பிக்கு வான் வாங்கிக் கொடுத்தார்கள். தம்பி ஊரிலேயே நிற்கட்டும் என்பதற்காக வாங்கிக் கொடுத்த வான்கள் அவை. அப்படி நின்ற தம்பிமார் எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல முடியாது.

1985 சனவரியில் முறிகண்டிக்கருகில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் ரயில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்கான ரயில் முற்றாகவே நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் கழற்றப்பட்டு பங்கர்களுக்குக் கூரையாயின. ஒரு சமூகத்தின் நடமாட்டத்தையே தாங்கிய இரும்பு, பிறகு அது பதுங்கியிருப்பதற்கான கூரையானது. இருபத்துநான்கு வருடங்களின் பின், 2014 ஒக்ரோபரில்தான் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் பயணம் துண்டுதுண்டாகியது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுறேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் சகிக்காது, ஆனால் ஓடியது. ஆனையிறவு மூடியிருந்தபடியால் 1992 தொட்டு 1995 வரை கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். கடற்படையின் சூட்டில் அங்கே இறந்தவர்கள் பலர். சைக்கிளில் அல்லது வானில் கிளாலி, அங்கிருந்து வள்ளம், கரையிறங்கியதும் ட்ரக்ரர், பிறகு வான், வவுனியாவிலே சோதனை, அதன்பின் இன்னொரு வான் அல்லது ரயில். ஒரே வாகனத்தில் வீட்டு வாசலிலிருந்து கொழும்பு வாசல்வரை போவது என்பது அக்காலத்தில் கற்பனை. வெளிநாடு வந்த எங்களுக்கு ஒரே வாகனத்தில் ஏறி, இறங்காமல், எல்லோருமாகப் போய்ச்சேரும் பயணத்தின்மேல் இருக்கும் ஆசைக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது மெல்பேர்ணிலிருந்தும் சிட்னியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கட்டுநாயக்காவில் இறங்கி, வாடகை வானில் பெட்டிகளை அடைத்து, விடியுமுன் புறப்படுவது. ஓமந்தையில் ஒரு தரப்பின் சோதனை, சூனியப் பிரதேசம் தாண்டி மறு தரப்பின் சோதனையும் வரியும், முகமாலையில் மீண்டும் இதே. ஒவ்வொரு இடத்திலும் பெட்டிகளை இறக்கி ஏற்றவேண்டும். முறிகண்டியில் மட்டும் தானாக நிற்பார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறாத வான் அந்த வீதியில் ஓடியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் ஆமிக்காரரைப் பார்த்துப் பயந்ததைவிட, வானில் இருக்கைப் பட்டி இல்லையென்று பயந்தார்கள். 2006 ஓகஸ்ரில் அந்த வீதி மீண்டும் மூடப்பட்டது.

மூடப்பட்ட அந்தக் காலத்தில்தான் வான் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் ஊன்றியது. தெற்கிலே 1980களின் இறுதியிலும் ஆட்களைக் கடத்துவதற்கு வான்கள் பயன்பட்டதுண்டு. 2006 இலிருந்து கொழும்பிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான்கள் வந்தன. ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. ஏற்றப்பட்டவர்கள் பலர் திரும்பவில்லை. 'வெள்ளை வான்' என்பது ஒரு வினைச்சொல்லைப்போல ஆகிவிட்டது. இன்னாருக்கு வெள்ளை வான் வந்ததாம் என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ரோவிலில் எனக்குத் தெரிந்த ஒருவர், தாயைக் கூப்பிட்டு எடுத்தபோது பழைய ஹயஸ் ஒன்றை வாங்கினார். விமான நிலையத்துக்கே அதைக் கொண்டுபோனார். தாய் வாகனத் தரிப்பிடத்தில் நின்றுவிட்டார். "தம்பி, உதிலை நான் ஏறமாட்டன்." மகன் சிரித்து, "அம்மா, உது எங்கடை வான்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். தம்பியாரை, அதாவது அந்தத் தாயின் இளைய மகனை, 2007 இல் கொண்டுபோனது அப்படி ஒன்றில். தொழிலுக்கென விற்கப்படும் வான்கள் உலகெங்கும் பெரும்பாலும் வெள்ளையே. வெள்ளைதான் மலிவு, கொம்பனிகள் தங்கள் பெயரை எழுதவும் அதுதான் வசதி. மகன் வாங்கியபோது நிறத்தை அவர் யோசிக்கவேயில்லை. தாயும் மகனும் டாக்சியில் வந்தார்கள். வான் பின்னால் வேறொருவரால் ஓட்டிவரப்பட்டது. இரண்டு மாதத்தில் அதை விற்று, கடும்பச்சை நிறத்தில் பழைய ரராகோ ஒன்றை எடுத்தார்கள். அந்த அம்மா ரராகோவை வான் என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'கார்' என்றுதான் சொல்வார். வீட்டில் எவரும் திருத்தவில்லை.

அவுஸ்திரேலியருக்கும் வான் ஒரு பழங்கதைதான், ஆனால் வேறு கதை. ரோவிலிலிருந்து வெலிங்ரன் வீதியால் மேற்கே போனால் சிறிது தூரத்தில் கிளேய்ரன். அங்கே 1954 இல் ஃபொக்ஸ்வாகன் கார்களைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஃபொக்ஸ்வாகன் கொம்பி வான்களும் அங்கே பொருத்தப்பட்டன. பின்னர் அதே தொழிற்சாலை நிசானின் கைக்கு மாறி, 1992 இல் மூடப்பட்டது. எங்கள் ஆட்கள் மெல்பேர்ணின் தென்கிழக்கில் குவியத் தொடங்கிய காலம் அது. கொம்பியில் அறுபதுகளின், எழுபதுகளின் இளைஞர்கள் அலைச்சறுக்குப் பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு கடற்கரை கடற்கரையாக அலைந்தார்கள். வீட்டைவிட்டு, தாய்தகப்பனைவிட்டு வெளியேறுவதற்கான வாகனம் அது. அவர்களது பாட்டிலும் படத்திலும் விளம்பரத்திலும் வான் என்றால் இந்த விடுதலைதான். எங்களுக்கு வீட்டைவிட்டு வெளியேறுவது ஏற்கனவே நடந்து முடிந்த காரியம். அதற்கு வான் வேண்டியிருக்கவில்லை, ஏஜென்சிக்காரனும் கள்ளப் பாஸ்போட்டும் போதுமாயிருந்தன. எங்களுக்கு வான் தேவைப்பட்டது மிஞ்சிய வீட்டை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவதற்கு. ஒரே வாகனம், ஒரே வீதி, முற்றிலும் எதிர்த்திசைப் பயணம்.

ரராகோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அதை வைத்திருந்தவர்கள் கோபிப்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் கோல்பேர்ணுக்கு அருகே ரராகோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, விக்ரோரியாவிலும் அதே பெயரில் ஓர் ஆறு. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிற்றூருக்கு 1884 தொட்டு ரயில் நிலையம் உண்டு. இந்தப் பெயரோடு அவுஸ்திரேலியாவில் வான் விற்பனைக்கு வந்தது 1983 இல். 1990 இல் முட்டை வடிவில் புதியது வந்தது, எங்கள் ஆட்கள் அதிகம் வாங்கியது அதைத்தான். வழக்கமான ஹயஸில் சாரதியும் பக்கத்திலிருப்பவரும் எஞ்சினின்மேலேயே இருப்பார்கள், ஊர் வெயிலில் அந்தச் சூடு தாங்காது. மெல்பேர்ண் யூலைக் குளிரில் அதுவே சுகம் என்பது வேறு. முட்டை ரராகோவில் எஞ்சினை ஏறக்குறையப் படுக்கவைத்து முன் இருக்கைகளின் கீழே தள்ளியிருந்தார்கள். தளம் தட்டையானது, படி தாழ்ந்தது. சேலை கட்டிய, முழங்கால் தேய்ந்த ஒருவர் கையைப் பிடிக்காமல் ஏறலாம். வடிவமைத்த ஜப்பானியருக்கு எங்கள் அம்மம்மாக்களைத் தெரிந்திராது, ஆனாலும் அளவு சரியாக இருந்தது. ஒரு கஷ்டம்: ஸ்பாக் பிளக் மாற்ற முன் சீற்றையே கிளப்பவேண்டும். மெக்கானிக்குகள் அதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள்.

விக்ரோரியாவில் பழைய வாகனத்தை ஓடுநிலையில் விற்பதென்றால் வீதித் தகுதிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அந்தச் சான்றிதழை யாரிடம் எடுப்பது, எந்த மைலேஜுக்குமேல் வாங்கக்கூடாது, நெகிழ்கதவின் உருளை தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கைமாறிய அறிவு. 2006 இலிருந்து 2014 வரை வாகனத்தை எரிவாயுவுக்கு மாற்றுபவர்களுக்கு மத்திய அரசு மானியம் கொடுத்தது, முதலில் 2000 டொலர். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஒரு சனத்துக்கு எரிவாயுவில் ஓட்டுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பலர் மாற்றினார்கள். வாங்கிய வானை முதலில் கொண்டுபோவது கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு. 1994 இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில் அது. நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் தீபம் காட்ட, உருட்டி நசித்துக்கொண்டு வெளியே வருவார்கள். இப்போதும் வருகிறார்கள்.

மெல்பேர்ணில் பெரிய கோயில் எழுமுன், சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பேர்க்கில் 1985 இலேயே எழுந்துவிட்ட வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போவது ஒரு யாத்திரையாக இருந்தது. மெல்பேர்ணுக்கும் சிட்னிக்கும் இடையில் ஹியூம் பெருவீதி ஏறக்குறைய 880 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, புளிச்சாதமும் அவித்த முட்டையும் கட்டி, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, இரவு எட்டு மணிக்கு ஏறினால் விடிய சிட்னி. இரண்டு ஆண்கள் மாறிமாறி ஓட்டுவார்கள். நடுவரிசையில் பெண்கள் கதைத்துக் களைத்து உறங்க, பின்வரிசையில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடப்பார்கள். வழிநெடுக, நீண்ட விடுமுறைகளில், சாரதிகள் தூங்கிவிடாமல் இருக்க இலவசமாகத் தேநீரும் பிஸ்கற்றும் கொடுக்கும் தொண்டர் கொட்டகைகள் இருக்கும். வயோதிப வெள்ளைக்காரர்கள் நின்று ஊற்றித் தருவார்கள். முதன்முறை கண்டபோது எங்கள் வானிலிருந்த கிழவி ஒருவர், "இது தண்ணீர்ப்பந்தல் எல்லே" என்று சொல்லி, காசு கொடுக்காமல் போகக்கூடாதென்று உண்டியல் தேடினார்.

மாநில எல்லையில் அல்பெரி. அந்த ரயில் நிலையத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. விக்ரோரியாவின் தண்டவாளம் 1600 மில்லிமீற்றர் அகலம், நியூ சவுத் வேல்ஸினது 1435. இரண்டு குடியேற்றங்களும் ஒன்றோடொன்று பேசாமல் பாதை போட்டதன் விளைவு. இரு பாதைகளும் 1883 இல் சந்தித்ததிலிருந்து 1962 வரை, மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் போன ஒவ்வொருவரும் இங்கே இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, மற்ற ரயிலில் ஏறவேண்டியிருந்தது. அதனால்தான் அவ்வளவு நீண்ட மேடை. இலங்கை ரயில்வேயில் கார்டாக இருந்து இளைப்பாறிய பெரியவர் ஒருவர் ஒருமுறை எங்களோடு வந்தார். மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்துவிட்டு வந்து, "எங்கடை பாதை இரண்டையும்விட அகலம், ஐந்தடி ஆறங்குலம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வேலை செய்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக் கோட்டைவரை யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறி ஏற வேண்டியிருக்கவில்லை.

அல்பெரிக்கு அப்பால் ஹோல்புறூக் என்ற ஊரில் கடலே இல்லாத இடத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பாதி புல்வெளியில் கிடக்கிறது. பிள்ளைகள் ஏறி ஓடுவார்கள். இந்த ஊரின் பழைய பெயர் ஜேர்மன்ரன். முதலாவது உலக யுத்தத்தில் ஜேர்மன் பெயர் ஆகாதென்று 1915 இல், நீர்மூழ்கி வீரர் ஒருவரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஊர்களின் பெயரை யுத்தம் மாற்றும் வித்தை நமக்குப் புதிதல்ல. 2013 இல் புறவழிப்பாதை திறக்கும்வரை ஹியூம் வீதி இந்த ஊரின் நடுவால்தான் போனது. அதற்கு முந்திய காலத்தில் இரட்டைப் பாதையல்லாத துண்டுகளில், நள்ளிரவில் எதிரே வரும் ராட்சத லொறிகளின் வெளிச்சத்துக்கு அஞ்சி ஓட்டியவர்களுக்கு இப்போதைய வீதி ஒரு படுக்கை.

கண்டகாயில் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியின்மேல் இருக்கும் நாயின் சிலைக்குப் பக்கத்தில் நின்று படமெடுப்பார்கள், நாங்களும் எடுத்தோம். 1932 இல் வைத்த சிலை. அந்த ஊரின் பெரிய கதை அதுவல்ல என்று அறிய எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. 1852 யூனில் முறும்பிஜி ஆறு பெருகி அந்த ஊரை அடித்துக்கொண்டு போனது. ஆற்றின் குணமறிந்த விராஜூரி மக்கள் அந்த இடத்தில் ஊர் கட்டவேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வெள்ளத்தின்போது யாரி, ஜாக்கி ஜாக்கி என்ற இரு விராஜூரி ஆண்கள் மரப்பட்டை ஓடத்தில் இரவும் பகலும் போய்வந்து அறுபதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்களை மரங்களிலும் கூரைகளிலும் இருந்து காப்பாற்றினார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் வெண்கலச் சிலை எழுந்தது 2017 இல், நாய்க்குச் சிலை வைத்து எண்பத்தைந்து வருடங்களின் பின். இரவில் கடனீரேரியைச் சிறு வள்ளத்தில் கடந்து வந்தவர்களை ஏற்றிய வான்கள் அந்தக் கதையைத் தெரியாமலே அந்த ஊரைக் கடந்து போயிருக்கின்றன.

ரொயோட்டா 2019 இல் கிரான்வியா என்ற பெரிய வானைக் கொண்டுவந்து, ரராகோ என்ற பெயரை நிறுத்திவிட்டது. ரோவிலில் எங்கள் ஆட்களின் வீட்டு வாசல்களில் இப்போது நிற்பவை உயர்ந்த ஏழு சீற் கார்கள். அவற்றின் மூன்றாவது வரிசை பெரும்பாலும் மடித்தே கிடக்கிறது. அம்மம்மாக்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் தங்கள் தங்கள் காரில், அல்லது சிட்னிக்கு விமானத்தில் போகிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், கட்டுச்சாதம் தேவையில்லை.

பச்சை ரராகோ வாங்கிய அந்த வீட்டில் தாயார் காலமாகி ஒரு வருடத்தின் பின் வானை விற்பனைக்குப் போட்டார்கள். மூன்று இலட்சத்து எழுபதினாயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தது. வந்து பார்த்த முதலாவது ஆள் டண்டினோங்கில் வசிக்கும் ஆப்கானிஸ்தானியர். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, ரயரையும் தட்டிப் பார்க்கவில்லை. நெகிழ்கதவைத் திறந்து, படியின் உயரத்தைக் கையால் அளந்து, பின்வரிசைவரை போய் ஒவ்வொரு இருக்கைப் பட்டியையும் இழுத்து, பூட்டி, கழற்றிப் பார்த்தார். எட்டும் வேலை செய்தன. விலையில் இருநூறு டொலர் குறைக்கச் சொல்லிக் கேட்டார், குறைத்துக் கொடுத்தார்கள்.